ஆழியர் பக்கம் ஆறு வில்லன்

"ஒன்பது வருஷத்தில் ஒன்பது வில்லன்கள். அதில் ஆறு பேர் எங்கள் ஆட்கள். இது தற்செயலா, சதியா?"

இந்தக் கேள்வியை மனுவாக எழுதி இரண்டு கோடிப் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டு கோடிப் பேர் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்வது நம் ஊரில் லேசில் நடக்கிற சங்கதியா? ரோடு வேண்டும், குடிதண்ணீர் வேண்டும் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள், அதிலும் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்களாக இருப்பார்கள். இல்லாத ஒரு கடலில் இல்லாத ஒரு இனத்தின் மானத்துக்கு இழுக்கு என்றதும் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள்.

மங்கையர்க்கரசி அந்த மனுவைச் சரவணம்பட்டி அலுவலகத்தின் ஆறாவது மாடியில் உட்கார்ந்து படித்தாள். அவள் 'எண்திசை' என்ற இணைய விளையாட்டின் கதைத்துறைத் தலைவி. சுருக்கமாக மங்கை. விளையாட்டில் இரண்டு கட்சி: மலையில் வாழும் குன்றவர், கடலில் வாழும் ஆழியர். சேரும்போதே எந்தக் கட்சி என்று சொல்லிவிட வேண்டும், அப்புறம் செத்தாலும் மாற முடியாது. வருஷா வருஷம் சித்திரையில் ஏதாவது ஒரு கட்சியிலிருந்து ஒருத்தன் புத்தி கெட்டு வில்லனாகக் கிளம்புவான். இரண்டு கட்சியும் விளையாட்டு உலகத்தைக் காட்டுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் அவனை ஒழிக்க வேண்டும். வில்லன் யார் என்று முடிவு செய்து வசனம் எழுதுவது மங்கையின் வேலை.

அவ்வளவுதான் விளையாட்டு. அவ்வளவுதான் என்று நாம் சொன்னால் ஆச்சா? காரமடையில் போன மாதம் ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோனது. ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம், மாப்பிள்ளை ஆழியர், பெண் குன்றவர். "வில்லன் வம்சத்துல பொண்ணு குடுக்கறதா?" என்று பெண்ணின் தாத்தா கேட்டுவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. விளையாட்டில் அவர் ஒரு காட்டுப்பன்றியின் மேல் சவாரி செய்கிற வேல்வீரர்.

குன்றவர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்களுடைய மனு தனியாக வந்திருந்தது. "எங்களுக்குக் கொடுத்த மூன்று வில்லன்களும் சொத்தை. நாலு நிமிஷத்தில் செத்துப்போகிறார்கள். ஆழியர் வில்லன்கள் முக்கால் மணி நேரம் வசனம் பேசிவிட்டுச் சாகிறார்கள். எங்கள் இனத்தில் நாலு வார்த்தை பேசத் தெரிந்த அயோக்கியன் ஒருவன்கூடவா கிடையாது?"

மங்கைக்கு இதெல்லாம் பழகின கூத்து. சிரித்துவிட்டுத் தள்ளிவைத்திருப்பாள். ஆழியர் மனுவின் முதல் கையெழுத்துத்தான் அவள் சிரிப்பை நிறுத்தியது. 'செங்கோட்டுவேல், ஆழித்தளபதி, கோபிச்செட்டிபாளையம்.'

கோபியில் கடல் கிடையாது. வாய்க்கால் உண்டு. மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற அந்த ஆழித்தளபதி, மங்கையின் கூடப் பிறந்த அண்ணன். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் ஒன்பது வருஷம். அவள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதிரவனை விரும்பிக் கட்டிக்கொண்டபோது அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

மகள் மகிழினிக்கு ஏழு வயதாகிறது. இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். மாமியார் தினம் ஒரு தடவையாவது கேட்பார்: "ஏம்மா, உன் அண்ணன் மடி இல்லாட்டி என்ன? என் தம்பி மடி இருக்கு, நல்லா அகலமான மடி."

"குத்துனா எங்கண்ணன் மடியிலதான் அத்தை."

"அப்ப போய்க் கூப்பிடு."

"நானாப் போய்க் கூப்பிட மாட்டேன்."

பிள்ளையின் காது அப்படியே மொட்டையாக நின்றது. மனசுக்குள் மங்கை அந்த மடிக்காக ஏங்கினாள் என்பதை அவள் புருஷனிடம்கூட ஒப்புக்கொள்ள மாட்டாள். இப்போது அந்த அண்ணனே தலைமை தாங்கி அவள்மேல் புகார் கொடுத்திருக்கிறார். இனி அந்த வாசலையும் மூடிவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

முதலாளி மெய்யப்பன் கூப்பிட்டனுப்பினார். காரைக்குடிக்காரர், எந்தப் பிரச்சினைக்கும் முதலில் ஒரு காப்பி வரவழைப்பார்.

"மங்கை, நீங்க பாரபட்சம் பாக்கிற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா ஊர் வாயை மூட முடியலை. இந்த வருஷம் வில்லனை நாம எடுக்க வேண்டாம். நடுவர் எடுக்கட்டும்."

'நடுவர்' என்பது ரெஜினா கட்டிய இயந்திரம். நாகர்கோவில் பெண், மங்கையைவிடப் பத்து வயது இளையவள், எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள்.

"அது என்ன செய்யும்?" என்று மங்கை ரெஜினாவைக் கேட்டாள்.

"விளையாடுத எல்லாரோட பேச்சும் நடத்தையும் நம்மகிட்ட ஒன்பது வருஷமா கிடக்குல்லா? பேரை எல்லாம் அழிச்சிட்டு, நீங்க சொல்லுத லட்சணத்துக்கு யாரு பொருந்துதாங்கன்னு தேடும். அந்த ஆளு பேசுத மாதிரியே பேசுத வில்லனை அதுவே உண்டாக்கிரும். உங்க வேலையில பாதி மிச்சம் அக்கா."

"மீதிப் பாதியையும் நீயே எடுத்துக்கோ," என்றாள் மங்கை.

லட்சணம் எது என்று முடிவு செய்ய கட்சிக்கு ஐந்து பேராகப் பத்துப் பேர் குழு கூடியது. திரையில் பத்து முகங்கள். அதில் ஒன்று செங்கோட்டுவேல். மீசை நரைத்திருந்தது. மங்கை அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள். அவர் அவளை "மேடம்" என்றார். தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பின தங்கச்சி அவருக்கு இப்போது மேடம்.

மூன்று மணி நேரம் சண்டை போட்டு நாலு லட்சணம் தேறியது. வில்லன் கையில் அதிகாரம் இருக்க வேண்டும். மனசுக்குள் ரொம்ப நாள் வன்மம் வைத்திருக்க வேண்டும். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப நோகடித்திருக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டுத் தன் பக்கம்தான் நியாயம் என்று நம்ப வேண்டும்.

"கம்பெனி ஆளுகளையும் சேத்துத்தான் தேடோணும்," என்றார் செங்கோட்டுவேல். "அவங்களும் வெளையாடறாங்கல்லங். விலக்குக் குடுத்தா அதுக்கும் ஒரு மனு எழுதுவோம்."

"தாராளமாத் தேடட்டுமே," என்றாள் மங்கை. "எங்களுக்கு என்ன பயம்?"

முடிவு எதுவானாலும் அப்படியே ஏற்பது என்று மெய்யப்பன் ஊரறிய அறிவித்தார்.

பத்து நாள் கழித்து ரெஜினா கதவைச் சாத்திவிட்டு மங்கையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அக்கா, ரெண்டு சேதி இருக்கு. ரெண்டும் நல்ல சேதி இல்ல."

"சின்னதை மொதல்ல சொல்லு."

"பாரபட்சம் இருக்கு. ஆழியர் சொல்லுதது சரிதான்."

மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆழியர் வில்லன் ஆறு பேரையும் நடுவர்கிட்ட குடுத்தேன். பேரை அழிச்சிட்டுப் பாத்தா ஆறு பேரும் ஒரே ஆளுங்குது. ஆறு பேருமே 'அதெல்லாஞ் சரிப்படாது'ன்னு சொல்லுதாங்க. ஆறு பேருமே சண்டைக்கு முன்னால எதிரிகிட்ட 'சாப்பிட்டியா?'ன்னு கேக்காங்க. உலகத்துல எந்த வில்லன் அக்கா வெட்டுததுக்கு முன்னால சாப்பிட்டியான்னு கேப்பான்?"

அப்படிக் கேட்கிற ஆள் ஒருத்தரை மங்கைக்குத் தெரியும்.

"அப்புறம், ஆறு கதையிலயும் ஒரு விருந்து வருது. எல்லாரும் சாப்பிடுதாங்க, ஒரு இலை மட்டும் காலியாக் கெடக்கு. ஒருத்தர் வரலை. அங்கேருந்துதான் அந்த ஆளு கெட்டவனா ஆகுதான். குன்றவர் வில்லன்ல இது எதுவும் கிடையாது. நீங்க அவங்களை ஏனோதானோன்னு எழுதியிருக்கீங்க. ஆழியரை மட்டும் உயிரைக் குடுத்து எழுதியிருக்கீங்க."

"ரெண்டாவது சேதி?"

"நாலு லட்சணமும் பொருந்துத ஆளைத் தேடச் சொன்னோம்லா? கையில அதிகாரம், ஒன்பது வருஷ வன்மம், ஒரே ஆளை ஆறு தடவை கோடிக்கணக்கான பேரை விட்டுக் கொன்னது, தன் பக்கம்தான் நியாயம்னு நெனப்பு." ரெஜினா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "குன்றவர் கட்சி. கணக்கு உங்க பேர்ல இருக்கு."

"நானா? நான் வில்லியா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு பொருத்தம். ரெண்டாவது வந்த ஆளுக்கு அறுபதுதான். பக்கத்துலயே யாரும் இல்ல அக்கா."

முதலில் மங்கைக்குக் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அவள் பேச்சையும் கதைகளையும் வைத்து நடுவர் உண்டாக்கியிருந்த 'குன்றத்தரசி' என்ற வில்லியின் வசனத்தைப் படிக்கப் படிக்கச் சிரிப்பும் போய், உடம்பெல்லாம் கூசியது. ஊருக்கே நியாயம் சொல்கிற மாதிரி வேலையில் உட்கார்ந்துகொண்டு, வளர்த்த அண்ணனை ஆறு வேஷம் கட்டவைத்து ஆறு தடவை அடித்துக் கொன்றிருக்கிறாள். அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒவ்வொரு சித்திரையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் வாயால் பேசுகிற வில்லனைத் தன் கையாலேயே போய் வெட்டிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். மங்கைக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"மாத்திரலாமா அக்கா? ரெண்டாவது ஆளைப் போட்டுட்டு மெய்யப்பன் சார்கிட்டச் சொல்லாம விட்டுரலாம்."

"வேண்டாம். ஆறு தடவை அவரைக் கொன்னிருக்கேன். ஒரு தடவை அவர் என்னைக் கொல்லட்டும். அவருக்கும் ஆத்திரம் தீரட்டும்."

"யாருக்கு?"

"எங்கண்ணனுக்கு," என்றாள் மங்கை. ஒன்பது வருஷத்தில் அலுவலகத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

சித்திரை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குன்றத்தரசியை இறக்கினார்கள். வெளியே யாருக்கும் அது மங்கை என்று தெரியாது. குன்றவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கும் ஒரு வில்லி, என்ன வாய், என்ன கொழுப்பு என்று கொண்டாடினார்கள். கோட்டையில் ஏழு வாசல். முதலில் ஏழாவது வாசலைத் தாண்டுகிற தளபதிக்குத்தான் முதல் வெட்டு. அவர் வெட்டாமல் பின்னால் நிற்கிற யாரும் கத்தியை ஓங்க முடியாது. கோயில் தேரில் முதல் வடம் யார் பிடிப்பது என்பது மாதிரி, இந்த மரியாதைக்காகவே இரண்டு வருஷம் அடித்துக்கொண்டு வாங்கிய விதி அது.

மத்தியானம் மூன்றரைக்கு ஆழித்தளபதி ஏழாவது வாசலைத் தாண்டினார். பின்னால் நாற்பது லட்சம் பேர். மங்கை தன் அறைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குன்றத்தரசி அரியணையிலிருந்து எழுந்தாள்.

"வாங்க தளபதி. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றது அந்தக் குரல். "அன்னைக்கு மூணு மணி வரைக்கும் ஒரு இலையில யாரையும் உக்கார விடலை. கேட்டவங்ககிட்ட எல்லாம் வந்துட்டு இருக்காருன்னு பொய் சொன்னேன். ஒரு சபையில பொய் சொல்ல வெச்சவரை நான் எப்படி மன்னிக்கிறது? வெட்டறதுன்னா வெட்டுங்க."

நாற்பது லட்சம் பேர் ஆரவாரம் செய்தார்கள். தளபதி வாளை ஓங்கினார். ஓங்கிய வாள் அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல இறங்கியது. அதைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தளபதிக்குக் கரண்ட் போயிருச்சா?" என்று ஒருவன் எழுதினான். "டீ குடிக்கப் போயிருப்பாரு." "யோவ் வெட்டுய்யா, எனக்கு நாலரைக்கு டியூஷன் இருக்கு."

சனிக்கிழமையும் அவர் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வேலை பார்ப்பார், திரும்ப வந்து மாட்டிக்கொண்டு உட்காருவார். விளையாட்டு அப்படியே உறைந்து நின்றது. திங்கட்கிழமை மெய்யப்பன் காப்பிகூடச் சொல்லவில்லை.

"மங்கை, அவர் உங்க அண்ணன்னு ரெஜினா சொன்னா. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒரு போன் போடுங்க."

மங்கை தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரலுக்கே தெரிந்திருந்தது.

"அலோ."

"நான்தானுங்ணா."

"தெரியுது." பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். அதை நிறுத்தினார். "சொல்லு."

"அங்க நாப்பது லட்சம் பேர் நிக்கறாங்க. ஒரு வெட்டு வெட்டிப்போட்டு வாங்ணா."

"கை வர்லை அம்மிணி."

அந்த 'அம்மிணி'யைக் கேட்டதும் மங்கைக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சினால் தெரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"அந்த எலை," என்றார் அவர். "நெசமாவே வெச்சிருந்தயா?"

"பின்ன? மூணு மணி வரைக்கும் வெச்சிருந்தேன். நீங்கதான் வர்லை. நான் கட்டிக்கிட்டவரு புடிக்கலைன்னு..."

"எவஞ் சொன்னான் அப்பிடி? மாப்பிள்ளைக்கு என்ன கொறை? தங்கமான மனுசன்." குரல் உயர்ந்தது. "நான் வந்தேன். மண்டபத்து வாசல் வரைக்கும் வந்தேன். புதுச் சட்டை போட்டுட்டு, சீரெல்லாம் வண்டியில வெச்சுட்டு வந்தேன்."

"வந்தீங்களா? அப்புறம் எதுக்கு உள்ள வர்லை?"

"வாசல்லதான் ஒருத்தரு பத்திரிகையக் கையில குடுத்தாரு. அதுக்கு முன்னால நான் அதைப் பாக்கவே இல்லை. ஊட்டுப் பெரியவங்க பேரெல்லாம் போட்ட எடத்துல என்ற பேரு எங்க இருந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்குதா? நாலாவது. மாப்பிள்ளையோட பெரியப்பனுக்கும் கீழ நாலாவது. அப்பன் இல்லாத ஊட்டுல உன்னை வளத்தவன் நான். ஊரே அதைப் படிக்குது. எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் உள்ள வருவேன்?"

மங்கை அந்தப் பத்திரிகையை நினைவில் கொண்டுவர முயன்றாள். செவ்வாய்க் கிரகத்துக்கே பயணச்சீட்டு விற்கிற காலத்திலும் கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவி அச்சடிக்கிறதை மட்டும் யாரும் விட்டபாடில்லை. அன்றைக்கு அவள் முதல் வில்லனுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். அச்சகத்திலிருந்து மாதிரி வந்தது. பாராமலே சரி என்று அனுப்பினாள். பேர்கள் எப்படி இருந்தன? அன்பழகன், இளங்கோ, கலியபெருமாள்...

"அண்ணா," என்றாள். "அது அகர வரிசைங்ணா."

"என்னது?"

"யாரு பேரும் முன்னப் பின்ன போகக்கூடாது, சண்டை வரும்னு அச்சகத்துல கம்ப்யூட்டரே அகர வரிசையில போட்டிருக்குதுங்ணா. அ, இ, க, செ. நீங்க செங்கோட்டுவேல். அதான் நாலாவது."

மறுமுனையில் புஸ்ஸென்று ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். மங்கையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு வரிசைக்காக ஒன்பது வருஷம், ஆறு வில்லன்கள், இரண்டு கோடிக் கையெழுத்து.

"பத்திரிகையப் பாக்காம அனுப்புனது என்ற தப்புதானுங்ணா," என்றாள். "மகிழினிக்கு ஏழு வயசாச்சு. இன்னும் காது குத்தலை. உங்க மடிக்குத்தான் காத்திருக்கறோம்."

"கிறுக்கி," என்றார் செங்கோட்டுவேல். "ஏழு வருசமா? காது முத்திப்போயிருக்குமே."

குன்றத்தரசியை அவர் கடைசிவரைக்கும் வெட்டவில்லை. வேறு வழி தெரியாமல் ரெஜினா புதிதாக ஒரு விதி எழுதினாள்: தளபதி விரும்பினால் வில்லனை மன்னிக்கலாம். மறுநாளே மனு வந்தது. "எங்கள் ஆறு பேரையும் கொன்றீர்கள், அவர்கள் ஆளை மட்டும் மன்னிக்கிறீர்கள், இது என்ன நியாயம்?" என்று ஆழியர். "எங்கள் வில்லிக்கு மட்டும் ஏன் வீர மரணம் இல்லை?" என்று குன்றவர். இந்தத் தடவை மூன்று கோடிக் கையெழுத்து. மெய்யப்பன் இரண்டு காப்பி குடித்தார்.

வைகாசியில் சென்னிமலையில் காதுகுத்து வைத்தார்கள். பத்திரிகையை மங்கை மூன்று தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள். அகர வரிசை இல்லை, ஒன்றும் இல்லை, முதல் பேர் தாய்மாமன் செங்கோட்டுவேல். அவரும் பட்டுப்பாவாடை, தோடு, பழத்தட்டு என்று பத்துத் தட்டுச் சீரோடு வந்து இறங்கினார். மகிழினி அவர் மடியில் உட்கார்ந்து அவர் மீசையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஆசாரி ஊசியோடு தயாரானார்.

மங்கை கூட்டத்தில் கண்ணை ஓட்டினாள். "பெரிய மாமாவைக் காணோமே?" என்று கதிரவனைக் கேட்டாள். கலியபெருமாள் கதிரவனுக்குப் பெரியப்பா, மன்னார்குடிக்காரர்.

"அவருக்கு முட்டி வலியாம்," என்று கதிரவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"முட்டியும் இல்லை, மூட்டும் இல்லை," என்றார் மாமியார். "பத்திரிகையில அவரு பேரைக் கடைசியாப் போட்டுட்டியாம். எங்க பக்கத்து ஆளுங்கன்னா இளப்பமான்னு கேக்குறாரு."

மங்கைக்குச் சுருக்கென்றது. காதுகுத்துக்குக்கூட வராமல் வீம்பு பிடிக்கிறாரா மனுஷன்? அடுத்த வருஷத்து வில்லனுக்கு வெற்றிலைச் செல்லப் பெட்டியும், நைச்சியமான தஞ்சாவூர்ப் பேச்சும் எப்படிப் பொருந்தும் என்று அவள் புத்தி தானாக எழுதத் தொடங்கிவிட்டது. முதல் வசனம்கூட வந்துவிட்டது. சீ, போ என்று அதைத் துரத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"மாமா, நான் மங்கை பேசுறேன். பேரைப் போட்டதுல தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கங்க. நீங்க இல்லாம எனக்கு நல்லாவே இல்லை."

"அதுனால என்னம்மா, நான் அதெல்லாம் மனசுல வச்சுக்கிற ஆளா?" என்றார் கலியபெருமாள். "அடிவாரத்துலதாம்மா இருக்கேன். டீக்கடையில. யாராவது கூப்பிடுவீங்கன்னு ரெண்டு மணி நேரமா உக்காந்திருக்கேன்."

மங்கை அண்ணனிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

"ஆசாரி, ஒரு அரை மணி நேரம் பொறுங்க," என்றார் செங்கோட்டுவேல். பிள்ளையை மடியிலிருந்து இறக்கித் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மலைப்படியில் வேகமாக இறங்கிப் போனார்.